கிளினிக் கொப்பியின் கோடுகள்: பிள்ளையின் நிறையை எப்படி வாசிப்பது?

ரொறன்ரோவில் இருக்கிற மகள் வைபரில் எடுத்து, "அம்மா, பிள்ளை 15ஆவது பெர்சன்டைலில நிக்குதாம். ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு டொக்டர் சொன்னவர்" என்கிறாள். கோண்டாவிலில் இருக்கிற அம்மம்மாவுக்கு இரண்டாவது வசனம் காதில் விழுவதில்லை. நூற்றுக்குப் பதினைந்தா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடக்கம் எல்லாவற்றையும் மார்க்ஸாகவே பார்த்துப் பழகிய ஊர் இது. "பால் காணாது போல, மாப்பால் குடுத்துப் பார் பிள்ளை" என்று மறுமொழி தானாக வந்துவிடும். அதே கிழமை பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற மகனின் பிள்ளைக்கும் கிளினிக்கில் நிறை பார்த்திருப்பார்கள். பிள்ளையின் வளர்ச்சியைப் பதிகிற கிளினிக் கொப்பியில் புள்ளி பச்சைக்குள் விழுந்திருக்கும். "பச்சையிலதான் மாமி" என்று மருமகள் சொல்ல, கதை அதோடு முடிந்துவிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது, ஏறத்தாழ ஒரே நிறை என்பது ஒருவருக்கும் தெரியாமலே போகும்.

இப்படி நடக்கக் காரணம் இருக்கிறது. கனடாவில் பாவிக்கும் வரைபடமும் எங்கள் கிளினிக் கொப்பியில் உள்ள வரைபடமும் ஒரே தரவிலிருந்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமங்களிலிருந்து வந்தவை. ஆனால் கோடு கீறும் இடங்கள் வேறு. அங்கே 3, 15, 50, 85, 97 என்று பெர்சன்டைல் கோடுகள். இங்கே நடுக்கோடும், அதிலிருந்து ஒரு நியம விலகல் (பிள்ளைகளின் நிறை நடுவிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதன் அளவு), இரண்டு, மூன்று என்று தள்ளித் தள்ளிக் கீறிய கோடுகளும், அவற்றுக்கிடையே நிறங்களும். நடுக்கோட்டுக்குக் கீழே ஒரு நியம விலகலில் உள்ள கோடு கிட்டத்தட்ட 16ஆவது பெர்சன்டைல், அது பச்சைக்குள்ளேதான் ஓடுகிறது. ரொறன்ரோப் பிள்ளையின் 15உம் கோண்டாவில் பிள்ளையின் பச்சையும் ஒரே இடந்தான்.

பெர்சன்டைல் சொல்வது ஒரு வரிசையில் உள்ள இடத்தை மட்டுமே. ஒரே வயது, ஒரே பால், நல்ல சுகதேகியான 100 பிள்ளைகளை நிறைப்படி வரிசையாக நிறுத்தினால், 15ஆவது பெர்சன்டைலில் உள்ள பிள்ளையைவிட 15 பேர் நிறை குறைந்தவர்கள், 85 பேர் கூடியவர்கள். அவ்வளவுதான். அந்த வரிசையில் நிற்கிற எல்லாருமே சுகமான பிள்ளைகள் என்பதைத்தான் சனம் மறந்துவிடுகிறது. வரிசை என்று ஒன்று இருந்தால் யாரோ ஒருவர் மூன்றாவதாக நிற்கத்தான் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் 50க்கு மேலே வரவேண்டும் என்று ஆசைப்படுவது கணக்கிலேயே சரிவராது. 50 என்பது பாஸ் மார்க் இல்லை, வரிசையின் நடு. பாதிப் பேர் எப்போதும் அதற்குக் கீழேதான்.

நியம விலகல் என்றதும் பயப்படத் தேவையில்லை. ஏ.எல். சோதனை எழுதிய பிள்ளை உள்ள வீட்டில் இசட் புள்ளி தெரியாதவர்கள் இல்லை. நாலாவது தசமதானத்தில் வெட்டுப்புள்ளி தவறி மெடிசின் கைநழுவிய கதைகள் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். வளர்ச்சி வரைபடத்தில் இருப்பதும் அதே இசட் புள்ளிதான்: நடுவிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்ற அளவு. பூச்சியம் என்றால் நடுக்கோடு. ஒரேயொரு வித்தியாசம், அதுவும் பெரிய வித்தியாசம்: ஏ.எல்.இல் புள்ளி கூடக்கூட நல்லது. இங்கே இரண்டு பக்கமும் கரை இருக்கிறது. கழித்தல் 2க்குக் கீழே போனால் நிறை குறைவு, கொப்பியில் செம்மஞ்சள். கழித்தல் 3க்குக் கீழே போனால் கடுமையான குறைவு, சிவப்பு. மேலே கூட்டல் 2ஐத் தாண்டினாலும் யோசிக்கவேண்டும். கொழுகொழு என்று இருக்கிற பிள்ளையைக் கண்டதும் "வடிவாக வளர்த்திருக்கிறாள்" என்று தாய்க்குப் புகழ் சேர்ப்பது எங்கள் வழக்கம். வரைபடத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பெர்சன்டைல் சொன்னால் எளிதாக விளங்குமே, ஏன் எங்கள் கொப்பியில் நியம விலகல்? ஆறு மாத ஆண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். நடுக்கோடு 7.9 கிலோ. 25ஆவது பெர்சன்டைல் 7.4 கிலோ. அரைக் கிலோ வித்தியாசத்தில் வரிசையில் 25 பேரைத் தாண்டிவிடலாம், ஏனென்றால் நடுப்பகுதியில் பிள்ளைகள் நெருக்கமாக நிற்கிறார்கள். கீழ் நுனிக்கு வந்தால் நிலைமை வேறு. கழித்தல் 2 கோடு 6.4 கிலோ, கழித்தல் 3 கோடு 5.7 கிலோ. 700 கிராம் போய்விட்டது. ஆனால் பெர்சன்டைலில் பார்த்தால் 2.3இலிருந்து 0.1, இரண்டு சொச்சம்தான் இறங்கியிருக்கிறது. ஆபத்தான இடத்திலேதான் பெர்சன்டைல் மொட்டையாகிவிடுகிறது. 50இலிருந்து 40க்கு வந்துவிட்டது என்று லண்டனில் ஒரு தாய் நித்திரை கொள்ளாமல் இருப்பதும், கீழ் நுனியில் உண்மையான இறக்கம் கண்ணில் படாமல் போவதும் இந்த ஒரே காரணத்தால்.

இனி, "சுகமான பிள்ளைகள்" என்று சொன்னது யாரை? இதில்தான் சுவையான கதை இருக்கிறது. 2006க்கு முன்னர் உலகம் பாவித்தது 1970களில் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்த வரைபடம். அதில் கைக்குழந்தைகளின் தரவு ஒரு சிறிய வட்டாரத்தில் எடுத்தது. பலர் போத்தல் பால் குடித்து வளர்ந்தவர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக நிறை ஏறும், பிறகு வேகம் குறையும். அது அந்தப் பிள்ளையின் இயல்பு. பழைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாம் நாலாம் மாதத்தில் பிள்ளை "இறங்குகிற" மாதிரித் தெரியும். உடனே பால் காணாது, மாப்பால் தொடங்கு என்ற புத்திமதி. எங்கள் அம்மாமார் காலத்தில் ரின் பால்மா வீட்டுக்குள் வந்ததற்கு விளம்பரம் ஒரு காரணம் என்றால், இந்தக் கோடும் ஒரு காரணம். கோண்டாவில் அம்மம்மாவின் மறுமொழிகூட அவர் கண்டுபிடித்ததில்லை, ஒரு காலத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

அதை மாற்றத்தான் உலக சுகாதார நிறுவனம் 1997 தொடக்கம் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தது: பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, இந்தியாவில் தெற்கு டில்லி, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், நோர்வேயில் எங்கள் சனம் நிறையப் பேர் வாழ்கிற ஒஸ்லோ. ஏறத்தாழ 8,500 பிள்ளைகள். தாய் புகைக்கக் கூடாது, தாய்ப்பால் கொடுக்கவேண்டும், பிள்ளை வளர்வதற்குக் குறுக்கே வறுமையோ நோயோ நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத் தெரிந்தெடுத்தார்கள். ஆகவே இந்த வரைபடம் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று சொல்லவில்லை, தடையில்லாவிட்டால் எப்படி வளர்வார்கள் என்று சொல்கிறது.

அந்த ஆய்வில் வந்த ஒரு முடிவை எங்கள் ஊரில் அடிக்கடி சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் நீளத்தில் உள்ள வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு வந்த பங்கு 3 சதவீதம் அளவுதான். ஒரே ஊருக்குள்ளேயே பிள்ளைக்குப் பிள்ளை உள்ள பங்கு 70 சதவீதம். டில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் வசதி ஒன்றாக இருந்தால் முதல் ஐந்து வருடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்கிறார்கள். "நாங்கள் சின்ன ஆக்கள், வெள்ளைக்காரன்ர கணக்கு எங்களுக்குச் சரிவராது" என்ற சமாதானம் ஒரு தனிக் குடும்பத்துக்குப் பொருந்தலாம். தாய் தகப்பன் இருவரும் கட்டையென்றால் பிள்ளை கீழ்க்கோட்டில் ஓடுவது இயல்பு. ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் செம்மஞ்சளில் நின்றால், அது பரம்பரையில்லை, சாப்பாடு. 2022இல் விலை ஏறி, சோளம் கிடைக்காமல், கிளினிக்கில் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷா தடைப்பட்ட மாதங்களில் எங்கள் பரம்பரை மாறிவிடவில்லை.

சரி, கொப்பிக்கு வருவோம். ஒரு புள்ளி தனியாக நின்று பெரிதாக ஒன்றும் சொல்லாது. கற்பனையாக இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளை பிறக்கும்போது 2.6 கிலோ. மூன்றாம் மாதம் 4.8, ஆறாம் மாதம் 6.0, ஒன்பதாம் மாதம் 6.8, ஒரு வயதில் 7.4. தொடக்கம் முதல் கழித்தல் 1 கோட்டுக்கும் கழித்தல் 2 கோட்டுக்கும் இடையில் தன் பாதையில் ஏறிக்கொண்டே வருகிறது. இரண்டாவது பிள்ளை 3.6 கிலோவில் பிறந்தது. மூன்றாம் மாதம் 6.5, எல்லாரும் கண்ணூறு படும் என்று பொட்டு வைத்துத் தூக்குகிற பிள்ளை. ஆறாம் மாதம் 7.6. ஒன்பதாம் மாதம் 7.7. ஒரு வயதில் 7.8.

ஒரு வயதில் இரண்டாவது பிள்ளைதான் நிறை கூட. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அதுதான் புஷ்டியாகத் தெரியும். இரண்டுமே கழித்தல் 2 கோட்டுக்கு மேலே, பச்சைக்குள். ஆனால் குடும்பநல உத்தியோகத்தர் மறித்து விசாரிக்கவேண்டியது இரண்டாவது பிள்ளையின் தாயைத்தான். ஆறு மாதத்தில் 200 கிராம். கோடு படுத்துவிட்டது. சாப்பாடு தொடங்கிய நேரத்திலேயே படுத்திருப்பதால் முதல் கேள்வி கோப்பையைப் பற்றியதாக இருக்கும்: என்ன கொடுக்கிறீர்கள், எவ்வளவு தடிப்பாக, எத்தனை தரம்? பல வீடுகளில் பதில் "சூப்" என்று வரும். கரட்டும் பருப்பும் அவித்து, வடித்து, தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சத்தை எறிந்துவிடுகிறார்கள். பிள்ளையின் வயிறு சின்னது. தண்ணீரால் நிரப்பினால் வேறொன்றுக்கும் இடமிருக்காது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் குழைத்த சோறும் பருப்பும், அதில் ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ எண்ணெயோ, முள் பார்த்து உதிர்த்த மீனோ முட்டையோ, ஒரு பிடி முருங்கையிலையோ சேர்ந்தால் கோடு மெல்ல நிமிரும். சாப்பாட்டில் பிழையில்லை என்றால் அடுத்தது சிறுநீர்த் தொற்று, இரத்தச்சோகை என்று டொக்டர் தேடவேண்டிய காரணங்கள்.

எல்லா இறக்கமும் இப்படியல்ல. பிறந்த முதல் நாட்களில் பிள்ளை பிறப்பு நிறையில் 7 தொடக்கம் 10 சதவீதம் வரை இழந்து, இரண்டு கிழமைக்குள் திரும்பப் பிடித்துவிடும். சலரோகம் உள்ள தாய்க்கு நாலு கிலோவில் பிறந்த பிள்ளை முதல் வருடத்தில் கோடு கோடாக இறங்கித் தன் இயல்பான பாதைக்கு வருவதும் உண்டு, சின்னதாகப் பிறந்த பிள்ளை ஏறி வருவதும் உண்டு. வயிற்றோட்டம் ஒரு கிழமை வந்தால் கோடு சறுக்கும். சுகமானதும் வழமையைவிட வேகமாக ஏறிப் பழைய பாதையைப் பிடிக்கவேண்டும். எவ்வளவு இறங்கினால் பயப்படுவது என்பதற்கு பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அவர்களுடைய வரைபடத்தில் 0.4 தொடக்கம் 99.6 வரை ஒன்பது பெர்சன்டைல் கோடுகள். பிறந்த நிறை 9ஆவது பெர்சன்டைலுக்குக் கீழே என்றால் கோட்டுக்குக் கோடு உள்ள இடைவெளியில் ஒன்று இறங்கினாலே கவனிக்கவேண்டும். 9க்கும் 91க்கும் இடையில் என்றால் இரண்டு. 91க்கு மேலே என்றால் மூன்று. சின்னப் பிள்ளைக்கு இழக்க இடமில்லை என்பதுதான் அதன் பொருள். லண்டனில் உள்ள உறவினர் "இரண்டு கோடு இறங்கிட்டுது" என்று சொல்லும்போது அது எங்கள் கொப்பியின் இரண்டு கோடு இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். எங்கள் கோடுகளுக்கு இடைவெளி அகலம்.

நிறையை எடுக்கிற விதத்திலும் பிழை புகும். தொங்கு தராசில் சிறு பிரிவு ஒன்று 100 கிராம். பத்து மாதத்துக்குப் பிறகு பெண் குழந்தை ஒன்று ஒரு மாதத்தில் ஏறுவதே 200 கிராம் சொச்சந்தான். நனைந்த பம்பர்ஸ் ஒன்று, கையில் காப்பு, கழுத்தில் பஞ்சாயுதம், காலில் சங்கிலி, இடுப்பில் அரைஞாண் எல்லாம் சேர்ந்தால் ஒரு மாத வளர்ச்சியை இல்லாமலும் ஆக்கும், இருப்பதாகவும் காட்டும். போன மாதம் சட்டையோடு, இந்த மாதம் வெறும் மேலோடு நிறுத்தால் வீட்டில் அழுகை நிச்சயம். கூடியவரை அதே தராசு, அதே குறைந்த உடுப்பு. பார்மசித் தராசில் கிழமைக்குக் கிழமை நிறுக்கிற பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. அந்த இடைவெளியில் தெரிவது வளர்ச்சியை விடத் தராசின் ஆட்டமும் பிள்ளை கடைசியாகப் பால் குடித்த நேரமும்தான்.

குறைமாதப் பிள்ளைகளுக்கு வயதையே திருத்தவேண்டும். 32 கிழமையில் பிறந்த பிள்ளை எட்டுக் கிழமை முந்தி வந்தது. பிறந்து ஆறு மாதமானபோது அதை நாலு மாதப் பிள்ளையின் இடத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும், இரண்டு வயது வரை. இதைச் செய்யாமல் புள்ளி வைத்தால் நன்றாக வளர்கிற பிள்ளையும் சிவப்பில் விழலாம். பிறந்தநாளை மட்டும் கேட்டுப் பெர்சன்டைல் சொல்லும் போன் அப்களில் இது அடிக்கடி நடக்கிறது.

நிறை மட்டுமே வளர்ச்சியில்லை. வயதுக்கேற்ற நீளம் குறைந்தால் அது நீண்டகாலக் குறைபாடு. நீளத்துக்கேற்ற நிறை குறைந்தால் அண்மையில் வந்த மெலிவு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. கட்டையான பிள்ளை ஒன்று வயதுக்கு நிறை குறைவாகவும், தன் நீளத்துக்குச் சரியான நிறையாகவும் இருக்கலாம். அதற்கு அடைத்து ஊட்டினால் கொழுப்புத்தான் ஏறும். தலைச் சுற்றளவின் கோடு மற்ற இரண்டையும் விடக் கண்டிப்பானது. அது மேலே பாய்ந்தாலும் அப்படியே நின்றாலும் அடுத்த கிளினிக் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொப்பியோடு போகவேண்டும்.

செம்மஞ்சளுக்குள் புள்ளி விழுந்த அன்று தாய்க்கு வருகிற வெட்கம் வேறொரு விஷயம். கிளினிக் வாங்கில் பத்துப் பேருக்கு முன்னால் "நிறை காணாது" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் வராமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழித்தல் 2 என்பது மனிதர் கீறிய வெட்டுப்புள்ளி. 5.8 கிலோவில் சுகமாக இருந்த ஆறு மாதப் பெண் குழந்தை 5.6இல் நோயாளி ஆகிவிடுவதில்லை. சுகமான ஆயிரம் பிள்ளைகளில் 23 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஆனால் உங்கள் பிள்ளை அந்த 23 பேரில் ஒன்றா, இல்லையென்றால் சாப்பாடோ நோயோ இழுத்து விழுத்தியதா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. அதைப் பார்க்கச் சொல்கிற அடையாளந்தான் அந்த நிறம். திரிபோஷாப் பை கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய் அந்தப் பிள்ளைக்கே கொடுக்கவேண்டும். அது வீட்டில் எல்லாருக்கும் பின்னேரத் தின்பண்டமாக உருண்டு முடிகிறது என்பது ஊரறிந்த இரகசியம்.

இரண்டு வயதில் ஒரு சின்னக் குழப்பம் வரும். அதுவரை பிள்ளையைக் கிடத்தி நீளம் எடுப்பார்கள், பிறகு நிறுத்தி உயரம். கிடத்தி எடுத்தால் 0.7 சென்ரிமீற்றர் கூடக் காட்டும். வரைபடத்திலும் அந்த இடத்தில் சிறு பள்ளம் இருக்கிறது, பிள்ளை சுருங்கவில்லை. ஆனால் பல கொப்பிகளில் அந்தப் பள்ளம் வரை புள்ளிகள் போவதே இல்லை. 18ஆம் மாத ஊசியோடு தாய்மாரின் வரவு குறைந்து, மூன்று வயது ஊசிக்குத்தான் கொப்பி மறுபடி அலுமாரியால் வெளியே வருகிறது. முதல் இரண்டு வருடம் மாதம் ஒருமுறை, அதன்பின் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுக்கவேண்டும். பிள்ளை ஓடித் திரியத் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பின்னால் நாங்கள் ஓடுகிற வயது அதுதான். இடையில் பதினெட்டு மாதம் புள்ளியே இல்லாவிட்டால், மூன்று வயதில் வைக்கிற புள்ளியைப் பார்த்துப் பிள்ளை எப்போது சறுக்கியது என்று டொக்டராலும் சொல்ல முடியாது.